சோறு போடக்கூடாத ஆறு

சேற்றைக் காவல் காப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஊரில் சொன்னால் யாரும் நம்புவதாயில்லை. "துபாய் பக்கம் போயி என்னப்பா வேலை பாக்குற?" என்று போனில் கேட்ட பெரியப்பாவிடம், "சகதி பாத்துக்கிறேன் பெரியப்பா" என்றேன். அவர் நேராக என் அப்பாவிடம் போய், "பய ஏதோ சொல்ல முடியாம முழுங்குறான், என்னான்னு விசாரி" என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். அபுதாபி நகரத்துக்கு வெளியே பிரம்மாண்டமான ஒரு கண்ணாடிக்கூடம் கட்டினார்கள். உலகத்தில் உள்ள நிலங்களையெல்லாம் சின்னச் சின்னதாகச் செய்து அதற்குள் வைப்பதாகத் திட்டம். ஒரு பக்கம் மழைக்காடு, ஒரு பக்கம் புல்வெளி, ஒரு பக்கம் மணல்மேடு. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலாகக் கிடக்க, அதைக் காரில் கடந்து வந்து, டிக்கெட் எடுத்து உள்ளே போய் மணலைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஏன் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை. நாங்கள் தோட்டவேலைக் கம்பெனி ஆட்கள். முசஃபா தொழிற்பேட்டையில் கேம்ப், காலையில் பஸ், வெயிலில் வேலை.

எங்கள் மேனேஜர் கேரளாக்காரர். ஒருநாள் காலை எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, "ஈரமண்ணுல ஜோலி செஞ்ச அனுபவம் ஆர்க்கு உண்டு? உள்ளே ஏசியில் டூட்டி" என்றார். ஏசி என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக மேலே போய்விட்டது. நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊரில் ஈரமண் என்றால் யாரோ குடத்தைக் கீழே போட்ட இடம். ஆறு என்பது லாரி போகும் பாதை. ஆனாலும் கை மேலே போனது போனதுதான்.

இன்னொரு கையும் உயர்ந்தது. அது நியாயமான கை. என் ரூமில் கீழ்க்கட்டிலில் படுக்கும் அண்ணன், மன்னார்குடிப் பக்கம். பிறந்ததிலிருந்து முழங்கால் வரை சேற்றிலேயே நின்றவர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், "உங்க ஊர்ல கொக்குகூட குடை புடிச்சிக்கிட்டுல்ல நிக்கும்" என்று எழுதியிருந்தது.

இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட மூலையில், எங்கோ வடக்கே பனி பெய்யும் தேசத்துச் சதுப்பு ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதை அமைப்பதற்கென்றே அந்தத் தேசத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ஒல்லியாக, உயரமாக, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பனை மரத்துக்குப் பூட்ஸ் மாட்டிய மாதிரி இருப்பார். எங்களுக்குப் புரிய வேண்டும் என்று இங்கிலீஷை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார்.

"இது குளம் இல்லை, வயலும் இல்லை. ஆறு பிறக்கும் இடம். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் மெல்லக் கசிந்து வெளியே வரும். அந்த ஈரத்தில் செத்த செடிகள் முழுதாக மக்காமல் அப்படியே படிந்து படிந்து மண்ணாகும். அதன் மேல் இன்னும் செடிகள் வளரும். அங்கிருந்து விரல் அகலத்துக்கு ஒரு ஓடை கிளம்பும். அதுதான் பின்னால் பெரிய ஆறு."

நான் அண்ணனுக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவர் "தலைக்காவிரின்னு சொல்லு" என்றார். அந்த நிமிஷமே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மண் கப்பலில், பிளாஸ்டிக் மூட்டைகளில் வந்தது. பிரித்துப் பார்த்தால் பழம்புளி. சத்தியமாக அதே நிறம், அதே நார். மேடம் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் வழியும் தண்ணீரின் நிறத்தை வைத்து மண் எவ்வளவு மக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். "ரசத்துக்கா கொழம்புக்கான்னு கேளு" என்றார் அண்ணன்.

தண்ணீர் கதை அதைவிடப் பெரிது. கடல் தண்ணீரில் உப்பை நீக்கி, அந்தத் தண்ணீரைக் குளிரவைத்து, சுண்ணாம்புக்கல் ஜல்லி வழியாகக் கீழிருந்து மெல்ல ஏற்றி, அந்தப் புளிமண்ணுக்குள் கசியவிட்டார்கள். மேலே வந்து, பாசிக்கு நடுவே ஊறி, சின்ன ஓடையாகி, மறுகோடியில் ஒரு வலைக்கம்பி வழியாக வெளியேற வேண்டும். எங்கள் கேம்ப்பில் ஜூலை மாதம் குழாயைத் திறந்தால் டீ போடலாம். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிப்போம். இங்கே சேற்றுக்குக் குளிர்ந்த நீர். அண்ணன் அந்த ஓடையில் விரலை வைத்துவிட்டு, "அடுத்த ஜென்மத்துல சகதியா பொறக்கணும்டா தம்பி" என்றார்.

பிறகு செடிகள் விமானத்தில் வந்தன. நாங்கள் என்னவோ ஏதோ என்று காத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால், களை. மெலிந்த கோரை, உச்சியில் பஞ்சு வைத்த இன்னொரு கோரை, செம்பட்டைப் பாசி, கைக்குழந்தையின் நகம் அளவுக்குச் சிவப்பாக, ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைச் சொட்டு வைத்த ஒரு செடி. அது பூச்சியைப் பிடித்துத் தின்னுமாம். நம் ஊரில் அதன் உறவுக்காரச் செடிக்கு அழுகண்ணி என்று பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இவை எதையும் எங்கள் வீட்டு ஆடு மோந்துகூடப் பார்க்காது என்பதுதான்.

எல்லாம் நட்டு முடித்ததும் மேடம் எங்களை உட்கார வைத்து ஒரே ஒரு சட்டம் சொன்னார். இதற்கு எதுவும் போடக்கூடாது. உரம் கூடாது, சாணம் கூடாது, எதுவுமே கூடாது. இந்தச் செடிகள் ஏழை மண்ணில் வாழப் பழகியவை. சத்து கொடுத்தால் தடிப்புல் முளைத்து இவற்றை மூடிவிடும். பசிதான் இவற்றுக்குப் பாதுகாப்பு.

இதைத் தமிழில் சொன்னபோது அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அதுக்காக ஒண்ணுமேவா போடாம இருப்பாங்க?" என்றார், யாரோ வயசான அம்மாவைப் பட்டினி போட்டதைக் கேள்விப்பட்டவர் மாதிரி.

நடுவில் ஒருநாள் ஓடையோரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. எண்ணெய். இந்த நாட்டில் தரையைத் தோண்டினால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? நான் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டி, ரகசியக் குரலில், முதலில் யாரிடம் சொல்வது என்று ஆலோசனை செய்தேன். மேடம் வந்து குச்சியால் அதைத் தொட்டார். படலம் கண்ணாடிச் சில்லு போல உடைந்தது. எண்ணெய் என்றால் உடையாமல் திரும்ப ஒட்டிக்கொள்ளுமாம். இது மண்ணிலுள்ள இரும்பைத் தின்னும் கிருமியின் வேலையாம். நான் மனதுக்குள் வாங்கியிருந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். அவள் மகளுக்குக் காதுகுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான்தான்.

"லீவு கெடைக்குமான்னு பாக்குறேம்மா."

"பாக்குறேன்னா? அப்ப யாரு மடியில உக்கார வைக்கிறது, ஆசாரி மடியிலயா? கெடா சொல்லியாச்சு, பந்தல் சொல்லியாச்சு. அந்தச் சேத்த எவனாச்சும் களவாண்டுட்டா போயிருவான்?"

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் திறப்பு விழாவை நினைத்தே தலைமுடி கொட்டிக்கொண்டிருந்தவர். "ஓப்பனிங் நல்லா கழிஞ்சா மறுநாள் உனக்கு லீவு. நானே டிக்கெட் எடுத்துத் தரும். சதுப்புக்கு வல்லதும் ஆபத்து பற்றினால், லீவு மாஃபி, இல்லை. மனசிலாயோ?"

மனசிலாயி. என் தங்கை மகளின் இரண்டு காதுகளும் அந்தப் பாசியில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்பாக, மொபைலில் இருந்த சதுப்பின் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மேடம் சில வேலைகளுக்காகத் தன் ஊருக்குப் போயிருந்தார், விழாவுக்கு முந்தின நாள் வருவார். தினமும் காலையில் மேனேஜர் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆடிப்பெருக்கு வரும் வரை.

அன்று மேனேஜர் வருவதற்கு முன்பே எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. அண்ணன் கையில் வழக்கமான டிபன் பாக்ஸுக்குப் பதிலாக அடுக்குச் சம்படம். யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு மேல் வேட்டி சுற்றியிருந்தார். நெற்றி நிறைய விபூதி.

"என்னண்ணே இது?"

"என்னான்னா என்னா. இன்னிக்கி பதினெட்டாம் பெருக்கு. எங்கூர்ல அம்புட்டு சனமும் ஆத்தங்கரையில நிக்கும். நான் இத்தன வருசமா இங்க பாத்ரூம் கொழாயைப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு கெடக்கேன். இப்பத்தான் ஒரு ஆத்தோட தலையே நம்ம கைக்கு வந்துருக்கு."

"அண்ணே, இது காவேரி இல்லண்ணே."

"காவேரி மட்டும் பொறக்கறப்ப காவேரின்னா எழுதி ஒட்டிக்கிட்டு வந்துச்சு?"

கேட்டுவிட்டு அண்ணன் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்படத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தார். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, வெல்லம் கலந்த காப்பரிசி, மஞ்சள், வெற்றிலை, கேம்ப் பக்கத்துக் கடையில் வாங்கிய கதம்பம். விடியலுக்கு முன்பே எழுந்து கேம்ப் கிச்சனில் ஆக்கியிருக்கிறார். டெல்டாவில் அன்றைக்குக் காவிரி பிள்ளைத்தாய்ச்சி. மசக்கையில் இருப்பவளுக்கு வாய்க்கு ருசியாகச் சித்திரான்னம் படைக்க வேண்டும்.

"ஒண்ணும் போடக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்கள்லண்ணே."

"அந்தம்மாவுக்குத் தெரியாதுப்பா. மாசமா இருக்கறவள பட்டினி போடுறது எந்த ஊரு நியாயம்? ஒந்தங்கச்சி மவளுக்குக் காது குத்து நல்லபடியா நடக்கணும்னு சேத்துத்தான் வேண்டிக்கிறேன். வேணாங்கறியா?"

அங்கே என் வீரம் முடிந்தது. "ஒரு பருக்கை மட்டும்ணே" என்றேன். அண்ணன் ஊரில் ஒரு பருக்கை என்பது ஒரு கரண்டி. மூன்று வகைச் சோறு என்பதால் மூன்று கரண்டி. ஓடையின் தலையில் வெற்றிலையைப் போட்டுச் சோற்றை வைத்தார், காப்பரிசியைத் தூவினார், மஞ்சள் கரைத்தார், பூ விட்டார். நானும் கை கூப்பினேன். பிறகு கரையில் உட்கார்ந்து மீதி எலுமிச்சைச்சோற்றைச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், சோறு அபாரம்.

இரண்டாவது கவளத்தில் என் பேன்ட் நனைந்தது.

திரும்பிப் பார்த்தால், ஓடை விரல் அகலத்தில் இல்லை. வெற்றிலையும் பூவும் மிதந்து போய் மறுகோடி வலைக்கம்பியில் அடைத்து, அதன் மேல் சோறு ஊறி, கொத்தனார் பூசியது போல் இறுகிவிட்டது. கீழிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. பாசி மிதந்தது. கரை வழிந்தது. பளிங்குத் தரையில் ஓடி, நேராகப் பக்கத்து மணல்மேட்டுக்குள் போனது. அண்ணன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். கண்ணில் தண்ணீர்.

"பெருகிடுச்சுப்பா. ஆத்தா பெருகிட்டா."

"அண்ணே, அடப்ப எடுங்கண்ணே. பாலைவனம் முங்குது."

நான் வலைக்கம்பியை நோக்கிப் பாய்ந்தேன். சதுப்பின் மேல் கால் வைக்கக்கூடாது, பலகை போட்டுத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. முழங்கால் வரை உள்ளே போனது. ராமநாதபுரத்துக்காரனை முதன்முதலாக ஒரு ஆறு பிடித்துக்கொண்டது. அண்ணன் என் கக்கத்தில் கை கொடுத்து, நடவு வயலில் மாட்டிய கன்றை எடுப்பது போல் இழுத்தெடுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. எனக்குத் தெரிந்து அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மக்காது என்று மேடமே சொல்லியிருக்கிறார்.

அடைப்பை எடுத்து முடித்தபோது மேனேஜர் வந்து சேர்ந்தார். ஒற்றை ஷூவோடு நான், வேட்டியோடு அண்ணன், நனைந்த மணல்மேடு, மஞ்சள் ஓடை. அவர் தலையில் கை வைத்து, "எந்தா இது" என்று மட்டும் கேட்டார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. இன்றைய படம் ஏன் வரவில்லை என்று மேடம் வீடியோவில் வந்துவிட்டார். மேனேஜர் கேமராவைத் தூரமாகவே திருப்பினார்.

மேடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அந்த ஓரத்தில் மஞ்சளாக, சின்னதாக, கொத்தாக. ஏதோ பூத்திருக்கிறது. நான் அப்படி ஒன்றை நடவில்லையே."

"லோக்கல் செடி மேடம்" என்றார் மேனேஜர்.

"அருகில் காட்டுங்கள்."

காட்டினார். எலுமிச்சைச்சோறு. ஒரு கடலைப்பருப்புகூட இருந்தது. நான்தான் போனை வாங்கி, இன்றைக்கு எங்கள் ஊரில் ஆறுகளுக்குச் சோறு கொடுக்கும் நாள், அதனால் கொடுத்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உப்புப் போட்டதா?" என்பதுதான்.

"உப்பு, புளி, எண்ணெய், வெல்லம். எல்லாம் அளவா இருந்துச்சு மேடம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வேலையைச் சொன்னார். ஒவ்வொரு சோற்றுப் பருக்கையையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். மஞ்சள் படிந்த மேல்மண்ணைச் சீவிவிட்டு, ஸ்டோரில் இருக்கும் மூட்டையிலிருந்து புதுமண் வைக்க வேண்டும். திறப்பு விழா வரை புதுத் தண்ணீர் மட்டுமே விட வேண்டும்.

அடுத்த நாட்களில் நானும் அண்ணனும் பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பாசிக்குள்ளிருந்து பருக்கை பொறுக்கினோம். அரிசியில் கல் பொறுக்கியிருக்கிறேன், சகதியில் சோறு பொறுக்கியவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். தங்கச்சி கூப்பிட்டாள். "என்னண்ணே பண்ற?" என்றாள். "உம்மக காதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

சோறு போனது. ஆனால் வெல்லம் கரைந்து கரையோரக் கல்லில் ஏறிவிட்டது போல. எங்கிருந்தோ எறும்பு வந்துவிட்டது. பொடி எறும்பு, வரிசை வரிசையாக. மருந்து அடிக்கக்கூடாது. துடைத்தோம், மறுபடி வந்தது. விழாவுக்கு முந்தின நாள் மேடம் வந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். கோரையைப் பார்த்தார், பாசியைத் தடவினார், ஒரு பிடி மண்ணைப் பிழிந்து முகர்ந்தார். "புளி வாசம் அடிக்குதோ?" என்று அண்ணன் என் காதில் கேட்டார். மேடம் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் பெட்டி கட்டவில்லை.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். மழைக்காட்டைப் பார்த்து அண்ணாந்தார்கள், மணல்மேட்டின் முன் போட்டோ எடுத்தார்கள். எங்கள் மூலைக்கு வந்தார்கள். ஈரப் புல். தலையை ஆட்டிவிட்டு நகரத் தொடங்கினார்கள். மேனேஜர் முகத்தில் என் லீவு கரைவது எனக்குத் தெரிந்தது.

அப்போது வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்து, "யும்மா" என்று அலறினாள். அழுகண்ணியின் பசைமயிரில் ஒரு எறும்பு மாட்டி உதைத்துக்கொண்டிருந்தது. இலை மெல்ல, மிக மெல்ல மடங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செடியில் இன்னொன்று. எல்லாச் செடியிலும் விருந்து. நட்ட நாளில் நகம் அளவுக்கு இருந்தவை, இப்போது செக்கச்செவேலென்று கொழுத்து நின்றன. பிள்ளைகள் எல்லாம் மணல்மேட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் பெரிய மனிதர்கள். அதற்கப்புறம் அந்த மூலையிலிருந்து கூட்டத்தைக் கிளப்பவே முடியவில்லை.

எல்லோரும் போனபின் மேடம் எங்களிடம் வந்தார். "மூடிய கூடத்தில் இந்தச் செடிக்குப் பூச்சி கிடைக்காதே என்பதுதான் என் கவலையாக இருந்தது. இந்த எறும்பு எப்படி வந்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வானத்தைப் பார்த்தார். அங்கே கண்ணாடிதான் இருந்தது.

"இனிமேல் கூடாது" என்றார் மேடம். ஆனால் சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. அவர்கள் ஊரில் அதுதான் சிரிப்பு என்று நினைக்கிறேன். மேனேஜர் என் தோளில் தட்டி, "யல்லா, ஓடு. பிளைட்டு" என்றார். அண்ணன்தான் நான் வரும் வரை தனியாகச் சதுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நிம்மதியா போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னதுதான் வழியெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

காதுகுத்து பிரமாதமாக நடந்தது. மொட்டைத்தலையில் சந்தனம் பூசி, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்கள். அவள் என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் காதில் குத்தியதும் பிள்ளை போட்ட சத்தத்தில் கிடாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் சட்டைப்பையில் போன் நடுங்கியது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்துப் பார்த்தேன்.

அண்ணன் படம் அனுப்பியிருந்தார். ஓடைக்கரையில், கருப்பாக, தொந்தியோடு, குன்றிமணிக்குப் பதிலாக மிளகைக் கண்ணாக வைத்து ஒரு பிள்ளையார். கீழே அவர் குரலில் ஒரு செய்தி.

"தம்பி, வர்ற சதுர்த்திக்கு நம்ம மூட்டையில மிச்சம் இருந்த புளிமண்ணுலயே புடிச்சிட்டேன். அதே மண்ணு, சோறு கீறு எதுவும் கெடையாது. கும்புட்டுட்டு ஆத்தா மடியிலயே கரைச்சிறலாமா? மேடத்துக்கிட்ட நீயே இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லு."

ஆசாரி இரண்டாவது காதைப் பிடித்தார். பிள்ளை என் மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மேடத்துக்கு இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே, மூக்கடைத்த குரலில் அண்ணனுக்குப் பதில் பேசி அனுப்பினேன்.

"நான் வர்ற வரைக்கும் கரைக்காதீங்கண்ணே. கொழுக்கட்டைய மட்டும் நீங்களே சாப்புட்டுருங்க."